கைராசியும் கட்டைவிரலும்

நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் 'கைராசி' என்பது ஒன்று. மருத்துவர் ஊசி போட்டுக் காய்ச்சல் தணிந்தால், மருந்தை மறந்துவிட்டு, "அவருக்குக் கைராசி" என்கிறோம். ஒருத்தி நட்ட கறிவேப்பிலை தழைத்தால் அவளுக்குக் கைராசி உண்டு. மற்றொருத்தி நட்டது பட்டுப்போனால் அவளுக்கு அது இல்லை. மண் எப்படி, நீர் எவ்வளவு, வெயில் எத்தனை நேரம் என்று கேட்பார் இல்லை. காரணம் தேடும் உழைப்பைத் தவிர்ப்பதற்கு இதைவிட வசதியான சொல் வேறொன்று உண்டோ, அறியோம்.

இச்சொல் எத்துணைப் பொருளற்றது என்பதையும், பொருளற்றதாயினும் எத்துணைக் கேடு செய்ய வல்லது என்பதையும் நமக்கு அண்மையில் எடுத்துக்காட்டியது ஒரு தூண்டிற்கருவி. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொறிதான். அதனைக் கற்ற கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தூண்டிற்கோலில் நூலைச் சுற்றி வைக்கும் பொறியை 'ரீல்' என்று எல்லோரும் அறிவர். பலரும் கையாள்வது, வீசும்போது நூற்கட்டை அசையாமல் நிற்கும் வகை. நூல் கட்டையின் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக வழிந்தோடும். ஆகவே சிறுவனும் அதனை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்வான். மற்றொரு வகை உண்டு. மீன்பிடிப்போர் அதனைச் சுருக்கமாகப் 'பி.சி.' என்பர். இது கோலின் மேற்புறத்தில் அமரும். இதன் நூற்கட்டை கிணற்று இராட்டினம் போலக் குறுக்கே கிடந்து, பறந்து செல்லும் போலி இரை நூலை இழுக்க இழுக்கத் தானும் சுழலும். வீசுபவரின் கட்டைவிரல் எப்போதும் அக்கட்டையின் அருகிலேயே நிற்கும். இக்கருவியின் சிறப்பும் தொல்லையும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன.

எளியது இருக்கக் கடினமானதை ஏன் நாட வேண்டும் என்று கேட்கலாம். பேரா மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள் எண்ணற்றவை. 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் பல மூடுண்டன. குழிகளில் நீர் தேங்கிக் குளங்களாயிற்று. அத்தகைய ஈயக்குட்டைகளில் தோமான் என்னும் மீன் வாழ்கிறது. வரால் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நீரிலுள்ள உயிர்வளி மட்டும் அதற்குப் போதாது. ஆதலின் அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிச் செல்லும். அவ்விடத்தில் ஒரு வட்ட அலை எழும். அது மறையுமுன், அம்மீன் செல்லும் திசையில், செடிப்புதரின் ஓரத்தில், போலி இரையைக் கொண்டுபோய் விழவைக்க வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்தால் இரை புதரில் மாட்டும். ஒரு முழம் குறைந்தால் மீன் திரும்பியும் பாராது. பறக்கும் இரையை நினைத்த இடத்தில் கட்டைவிரலால் நிறுத்தும் வசதி 'பி.சி.'க்கு உண்டு. அதனாலேயே அதன்மேல் பலருக்கு ஆசை.

ஆயின், புதிதாக எடுத்தவர் கையில் நடப்பது வேறு. கோலை வீசிய மறுகணமே 'கரக்' என்று ஓர் ஒலி. போலி இரை பத்தடி தூரத்தில் தொப்பென்று விழுகிறது. குனிந்து பார்த்தால் நூற்கட்டையின்மேல் தூக்கணாங்குருவி கூடு கட்டியது போல ஒரு நூல் மூட்டை! அதனைப் பிரித்தெடுக்கக் கால் மணி நேரம். மறுபடி வீசினால் மறுபடியும் ஒரு கூடு.

நம்முடன் இதனைக் கற்கத் தொடங்கியவர் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டும் ஓர் இளைஞர். வயது 22. பழைய கருவிகள் இரண்டை நகரத்துக் கடையொன்றில் நாமிருவரும் ஒரே நாளில் வாங்கினோம். லயத்துக்குப் பின்னாலுள்ள பந்துத் திடலில் மாலைதோறும் பழகினோம். வேடிக்கை பார்க்க ஒரு சிறு கூட்டம் சேரும். கூட்டத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமா? "செவ்வாய்க்கிழமை வாங்கிய சாமான் இப்படித்தான்" என்றார் ஒருவர். "கோலின் அடியில் கறுப்புக் கயிறு கட்டு" என்றார் மற்றவர். எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்ன அம்மையார் ஒருவர், பழத்தைக் கையோடு கொண்டும் வந்துவிட்டார். கடைசியில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினர்: "தம்பிக்குக் கைராசி இல்லை."

அவ்விளைஞர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின், "கிராணியாரே, அவர்கள் சொல்வது உண்மைதான். எனக்கு எதுவும் கைகூடாது. வெல்டிங் படிக்கப் போனேன். மூன்று மாதம் ஆகியும் கோடு நேராக விழவில்லை. உனக்கு இரும்பு ஒட்டாது, ராசியில்லை என்று அப்பா சொன்னார். விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்றார்.

நேயர்களே, நூல் சிக்குவது அற்பச் செய்தி. ஓர் இளைஞர் ஒரு தொழிலையே கைவிட்டு வீடு திரும்பியது அற்பச் செய்தி அன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் காரணமாகக் காட்டினார்கள். ஆதலின், சிறியதில் அச்சொல்லின் சாயத்தை வெளுத்துவிட்டால் பெரியதிலும் அது தானே வெளுக்கும் என்று கருதி, இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம்.

நூல் நிரம்பிய கட்டையின் விட்டம் 34 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 107 மி.மீ. நூல் வெளிவரும். போலி இரை நொடிக்கு 20 மீட்டர் விரைவில் புறப்பட்டால், அதற்கு ஈடுகொடுக்கக் கட்டை நொடிக்கு ஏறத்தாழ 187 சுற்று வீதம் சுழல வேண்டும். இது நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல். இனி, காற்று இரையைத் தடுக்கிறது. இரையின் விரைவு குறைகிறது. கட்டைக்கோ அத்தடை இல்லை. பெற்ற விரைவிலேயே சுழல்கிறது. இரை கேட்பது ஒரு பங்கு நூல். கட்டை அவிழ்ப்பது ஒன்றரைப் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு எங்கே போகும்? கட்டையின்மேலேயே மேலெழும்பிச் சிக்கும். கூடு கட்டியது இதுவே. இதில் செவ்வாய்க்கிழமைக்கு என்ன வேலை? எதிர்க்காற்றில் வீசினால் சிக்கல் மிகுவதும், இலேசான இரையால் மிகுவதும், வெடுக்கென்று வீசினால் மிகுவதும் இக்கணக்கினாலேயே விளங்குகின்றன.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும். இப்பொறியைத் திருத்தியமைத்தோர் வரலாறே அதற்குச் சான்று. சுழலும் ரீல் மிகப் பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டளவில் தீட்டியதாகக் கூறப்படும் ஓவியத்திலேயே அது காணப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கட்டை பலமுறை சுழலும்படி பற்சக்கரம் அமைத்த ரீல்களைச் செய்தார். அம்மாநிலத்தில் அவர்பின் புகழ்பெற்ற மீக் உடன்பிறந்தாரும் கடிகாரத் தொழிலினரே. சுவீடன் நாட்டில் 1921இல் தொடங்கிய 'ஏபியூ' நிறுவனத்தின் பெயரே 'கடிகாரத் தொழிற்சாலை' என்று பொருள்படும். அந்நிறுவனம் 1952இல் வெளியிட்ட 'அம்பாசடர்' ரீல் உலகெங்கும் பரவியது. பாருங்கள், இக்கருவியை உருவாக்கியவர்கள் நேரத்தை அளப்பவர்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் அல்லர்.

அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் வகுத்த தடைகள் மூன்று. முதலாவது, கட்டையின் அச்சை ஓரத்தில் அழுத்தும் திருகு. இரண்டாவது, சுழற்சியால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராயும் சிறு கட்டைகள். சுழற்சி இரட்டித்தால் இவற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்றாவது, காந்தம். அலுமினியக் கட்டை காந்தத்தின் அருகே சுழலும்போது அதனுள் மின்னோட்டம் பிறந்து, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கும். காந்தமும் கட்டையும் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. கருவிக்குக் கருவி இவற்றுள் ஒன்றோ பலவோ அமைந்திருக்கும். நாம் வாங்கியவற்றில் திருகும் காந்தமும் இருந்தன.

கற்போருக்குப் பயன்படும் என்று கருதி, நாம் பின்பற்றிய முறையைச் சுருங்கச் சொல்வோம். தூண்டில்முள் இல்லாத 14 கிராம் ஈயக்குண்டு ஒன்றைக் கட்டினோம். பின்னல் நூல் தன் சுற்றுக்குள்ளேயே புதைந்து இறுகுமாதலால் அதனை விலக்கி, 0.35 மி.மீ. கனமுள்ள தங்கூசியைச் சுற்றினோம். விளிம்பில் 2 மி.மீ. இடம் விட்டோம். கோலை நீட்டிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் குண்டு மெல்ல இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் கட்டை நின்றுவிட வேண்டும். அந்த அளவுக்குத் திருகை இறுக்கினோம். காந்தத்தின் அளவு பத்தில் எட்டு. வீச்சு வெடுக்கென்றிராமல் சீராக வளர்ந்து செல்ல வேண்டும். குண்டு தரையில் விழுமுன் கட்டைவிரலால் கட்டையை நிறுத்திவிட வேண்டும். சிக்கினாலோ, நூலைப் பிய்த்து இழுக்கலாகாது. கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றியபின் நூலை மெல்ல உருவினால், பெரும்பாலான சிக்கல்கள் அவிழும். நன்கு பழகியபின் காந்தத்தை எட்டிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஆறு என்று குறைத்தால் தூரம் கூடும்.

ஆனால் இவ்வளவும் ஏட்டுச் செய்தி. ஆங்கிலத்தில் அச்சிட்ட விளக்கத்தாளை அவருக்குப் படித்துச் சொன்னது நாம். முதலில் கற்றுத் தேறியவரோ அவர். முப்பதடி உயரத்துக் குலையை நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அறுத்துப் பழகிய கைகள் அவருடையவை. எங்கோ நுனியில் நடப்பதை இங்கே அடியில் விரலால் அறியும் வித்தை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நூல் தளர்ந்து எழும்பத் தொடங்கும் நொடியில், மயிலிறகால் தடவியது போலக் கட்டைவிரல் படும். சிக்கல் பிறக்குமுன் அடங்கும். ஆறாவது வாரம், திடலின் நடுவில் வைத்த பழைய வாளியில், பத்து வீச்சுக்கு ஐந்தாறேனும் குண்டை அவர் விழச் செய்தார். நம் குண்டு வாளியைச் சுற்றி வலம் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. கறுப்புக் கயிறு கட்டச் சொன்னவர் அன்றும் வந்திருந்தார். வாளியில் 'டங்' என்று குண்டு விழுவதைக் கேட்டார். தலையை அசைத்துக்கொண்டு, "அது அவனுக்குப் பிறவியிலேயே உள்ள கைராசி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்!

சிந்தியுங்கள். ஆறு வாரத்துக்கு முன் இல்லாத கைராசி, இன்று பிறவியிலேயே உள்ளதாகிவிட்டது. தோற்றபோது அச்சொல் அவருடைய நம்பிக்கையைத் திருடியது. வென்றபோது அவருடைய உழைப்பைத் திருடியது. மாலைதோறும் கைந்நோவு எடுக்க வீசியது எவர்? விரல் தோல் உரிந்தது எவருக்கு? அந்தக் கணக்கையெல்லாம் ஒரு சொல்லால் தள்ளுபடி செய்துவிட்டார் அப்பெரியவர். அவர் தீயவர் அல்லர். நம் முன்னோர் பட்ட பாட்டுக்குக் காரணம் கேட்டால் 'தலையெழுத்து' என்று சொல்லி வாயை அடைத்த பழக்கமே அவர் வாயிலும் பேசியது. கூலி குறைந்ததற்கும், பிள்ளைகள் படிப்பு நின்றதற்கும் காரணங்கள் இருந்தன. காரணத்தைக் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் இருந்தார்கள். எழுத்தைக் குற்றஞ்சாட்டியதால் அவர்கள் தப்பினார்கள்.

ஈயக்குட்டையில் தோமான் அகப்பட்டதா என்று கேட்போர்க்கு, ஒருநாள் அகப்பட்டது, பல நாள் அகப்படவில்லை என்பதே விடை. அகப்படாமைக்கும் காரணங்கள் உண்டு; நீரின் கலங்கலும் வெயிலின் கடுமையும் அவற்றுள் சில. அவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகிறோம்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று. சென்ற வாரம் அவ்விளைஞர் ஒரு தாளுடன் வந்தார். வெல்டிங் பயிற்சிக்கு மறுபடியும் விண்ணப்பம். "கோடு ஏன் கோணுகிறது என்று அப்போது நான் கேட்கவேயில்லை, கிராணியாரே. கை விரைந்ததா, தூரம் மாறியதா, மின்னளவு மிகுந்ததா என்று இந்தத் தடவை பார்க்கப் போகிறேன்" என்றார். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருகிறோம் என்றோம். வேண்டாம், பிழையை மட்டும் திருத்தித் தாருங்கள் என்று தாமே எழுதினார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணக்கில் தோற்று வந்தாலும், கைத்தொழிலில் தடுமாறி வந்தாலும், ராசியைப் பற்றி வாய் திறவாதீர்கள். எவ்விடத்தில் சிக்கியது, எத்தனை நாள் பழகினாய் என்று இரண்டு வினாக்களைக் கேளுங்கள். வென்று வந்தாலும் அதே இரண்டு வினாக்களைக் கேளுங்கள். அப்போதுதான் அந்த வெற்றி தன்னுடையது என்பதைப் பிள்ளை அறிந்துகொள்ளும்.