கீழ் அம்பும் ஓகே பொத்தானும்

திண்டுக்கல்லில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. கல்யாண வீடியோ எடுப்பதும் எடிட் செய்வதும் தொழில். இப்போது எல்லாரும் பென்டிரைவ்தான் கேட்கிறார்கள். எப்போதாவது யாராவது டிவிடி கேட்டு வந்தால், எடிட்டர் அண்ணன் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அப்படி ஒரு நாள் அவர் பக்கத்தில் இருந்தேன்.

கேட்டு வந்தவர் தன் அம்மாவுக்காக வந்திருந்தார். பேத்தி கல்யாணத்தை அம்மா தினமும் பார்க்க வேண்டும். "பழைய பிளேயர்ண்ணே. ரிமோட்டுல கீழ் அம்பும் ஓகேயும் மட்டுந்தான் அமுங்குது."

அண்ணன் அதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டார். அன்றைய வேலை முழுக்க அந்தத் தாளைப் பார்த்தே நடந்தது.

முதலில் அளவு. ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் படம் என்றால், ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும். எம்பெக்-2 முறையில் படத்தில் மாறுகிற பகுதிக்கே பெரும்பாலும் இடம் செலவாகிறது. மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்குக் கொஞ்சம் போதும். அட்சதை விழும்போது ஒவ்வொரு அரிசியும் ஒரு மாற்றம். இடம் போதாவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். பந்தி காட்சியில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுத்தார்.

அடுத்து அத்தியாயக் குறி. அதை முழுப்படமாகப் பதிவான ஃபிரேமில்தான் வைக்க முடியும். அத்தகைய ஃபிரேம் ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறைதான் வரும். கெட்டிமேளத்தின் முதல் அடி அப்படி இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்தது. அண்ணன் விடவில்லை. அந்த இடத்தில் ஒரு முழு ஃபிரேமைக் கட்டாயமாகப் போட வைத்து மறுபடி என்கோட் செய்தார்.

பிறகு மெனு. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு, முழுக் கல்யாணம் என்று ஐந்து பொத்தான்கள். முகூர்த்தத்தை மட்டும் போட்டால், முடிந்ததும் தானாக மெனுவுக்குத் திரும்ப வேண்டும். அம்மாவின் ரிமோட்டில் மெனு பொத்தான் அமுங்காது. முழுக் கல்யாணத்தைப் போட்டால் அதே முகூர்த்தம் நிற்காமல் வரவேற்புக்குப் போக வேண்டும். டிவிடி பிளேயருக்குள் 16 சின்ன நினைவு அறைகள் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை அதில் ஒன்றில் எண்ணாகக் குறித்துவைத்தார் அண்ணன். ஒவ்வொரு பகுதியும் முடிகிற இடத்தில் அந்த எண்ணைப் பார்த்து வழி பிரியும்படி கட்டளை எழுதினார். தனியாகப் பார்த்துத் திரும்பினால் வெளிச்சம் அடுத்த பொத்தானில் நிற்கும்படியும் செய்தார்.

படம் எடுத்தவரை ஊர் பாராட்டும். இந்த வேலையை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டில் தனியாக ரிமோட்டோடு இருப்பவரை நினைத்து ஒவ்வொரு வழியையும் போட்டுவைப்பவர் இவர்தான். எனக்கு அது பெரிய கைத்தொழிலாகவே தெரிந்தது.

சாயங்காலம் அழித்தெழுதும் டிஸ்க்கில் ஏற்றி, பழைய டியூப் டிவியில் போட்டார்கள். வந்தவர் கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போனார். ஐந்தாவது பொத்தானுக்குப் பிறகும் அழுத்தினார். வெளிச்சம் நலங்குக்கு ஏறி நின்றது.

"அம்மா இனிமே யாரையும் கூப்பிட வேண்டாம்ண்ணே" என்றார்.

அண்ணன் தாளைக் கிழிக்கவில்லை. டிஸ்க் உறைக்குள் மடித்து வைத்தார்.