மீகாமனும் கடலடி வடமும்

கிரேக்க மொழியில் 'குபெர்னெட்டிஸ்' என்றால் கப்பலைச் செலுத்துபவன்; பழந்தமிழ் அவனை மீகாமன் என்றது. 2014இல் கூகுள் பொதுவெளியில் வெளியிட்ட மென்பொருள் ஒன்று இப்பெயரைச் சூடிக்கொண்டது. பல கணினிகளை ஒரு கொத்தாகப் பிணைத்து, கன்டெய்னர்களில் பொதிந்த செயலிகளை அவற்றில் பகிர்ந்து இயக்குவது அதன் பணி.

அதனிடம் பேசும் மொழி பெரும்பாலும் ஏவல் அன்று, வியங்கோள். 'இதைத் தொடங்கு, அதை நிறுத்து' என்னும் கட்டளைகளுக்கு மாறாக, 'இச்செயலியின் படிகள் மூன்று இருக்க' என்று யாமல் கோப்பில் விருப்பநிலை எழுதப்படுகிறது. கட்டுப்பாட்டுக் கணினி அதனை நடப்புநிலையோடு ஓயாது ஒப்பிட்டு, குறைவதை நிரப்புகிறது. ஒரு கணினி வீழ்ந்தால் அதிலிருந்த படி வேறொன்றில் எழுகிறது.

வியங்கோள் மூவிடத்துக்கும் பொது என்பது இலக்கணம். இக்கோப்பிலோ எழுதப்படாத ஓர் இடம் ஒளிந்திருக்கிறது: இணைப்பு அறாத நிலப்பரப்பு.

அந்தமான் நிக்கோபார் அத்தகைய இடம் அன்று. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் செல்லும் ஏறத்தாழ 2,300 கி.மீ. கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்குமுன் தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே ஒரு வினா சென்று விடை மீள அரை நொடியளவு ஆகும், 2,300 கி.மீ. இழையில் ஒளி சென்று மீளச் சுமார் 23 மில்லிநொடி போதும். ஆயினும் நங்கூரமும் நிலநடுக்கமும் எந்தக் கடலடி வடத்துக்கும் பகை.

கார் நிக்கோபாரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுச் செயலி இயங்குகிறது, அதன் கட்டுப்பாட்டுக் கணினி சென்னையில் உள்ளது என்று வைத்துக்கொள்ளலாம். வடம் அறுகிறது. தீவுக் கணினி நலமே, செயலியும் ஓடுகிறது. ஆனால் செய்தி வராததால் சென்னை அதனை இழந்ததாகக் கருதுகிறது. இயல்பமைப்பின்படி 300 நொடி பொறுத்து, தன் பக்கம் புதிய படியை எழுப்புகிறது. அப்படியைத் தீவின் செவிலியரால் எட்டவும் இயலாது. இணைப்பு மீண்டதும், அதுவரை நோயாளிகளைப் பதிந்துவந்த தீவின் படியே அழிக்கப்படுகிறது. தரவு அந்தப் படிக்குள் மட்டும் இருந்திருந்தால் அதுவும் உடன் போகும்.

மற்றொரு பொறி 'லேட்டஸ்ட்' என்னும் குறி. இழுக்கும் முறையைத் தனியே குறிக்காவிட்டால், கன்டெய்னர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தொலைவிலுள்ள களஞ்சியத்தை அது வினவும். வடம் அறுந்த வேளையில் செயலி ஒருமுறை விழுந்தால், வேண்டிய கோப்பு தீவிலேயே இருந்தும் மீண்டும் எழாது.

தீர்வுகள் எளியவை. பதிப்பெண்ணைத் திட்டமாக எழுதி, உள்ளூரில் இல்லாதபோது மட்டும் இழுக்கும்படி அமைக்கலாம். களஞ்சியத்தின் நகலையும் தரவையும் தீவிலேயே வைக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, கே3எஸ் போன்ற எடை குறைந்த வடிவைக் கொண்டு தீவுக்கெனத் தனிக் கொத்தையே நிறுவலாம். அப்போது மின்தடைக்குப்பின் கணினி மீளத் தொடங்கினாலும் சென்னையின் சொல்லுக்காகக் காத்திராது.

இவை சில வரி மாற்றங்களே. ஆனால் எழுதாமல் விட்ட வரிகளை இயல்பமைப்பு நிரப்பிவிடும். அதற்குக் கடல் தெரியாது. மீகாமன் கப்பலிலேயே இருக்கவேண்டும். கரையிலிருந்து சுக்கான் பிடிக்க முடியாது.