மழைவீதியும் லொறிச் சில்லும்

மலைநாடு என்றதும் தேயிலையும் நீர்வீழ்ச்சியும் தவழும் மேகமுமே நம் உள்ளத்தில் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டு களிக்கச் செல்லும் நாம், நம்மைச் சுமந்து செல்லும் வீதியையும், அவ்வீதியைப் பற்றிநிற்கும் சில்லையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அங்கேயே வாழும் மக்களுக்கோ அவை அன்றாடக் கவலையாகும்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்கு ஏறும் வீதி, ஒரு பாடநூலைப் போன்றது. கரவனல்லை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளில் இருமருங்கும் றப்பர் மரங்கள் நிற்கும். கித்துள்கலையைக் கடந்து கினிகத்தேனைக்கு ஏறியதும், றப்பர் விடைபெற்றுத் தேயிலை வரவேற்கும். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு றப்பர் விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டிருந்தார். இவ்விரு பயிர்களும் சந்திக்கும் இடம் லொறியின் சில்லேயாகும். கீழ்நாட்டு றப்பர், மேல்நாட்டுத் தேயிலையைச் சுமந்து இறங்குகிறது.

கினிகத்தேனைக்கு அப்பால் வட்டவளை. நாட்டிலே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கும். ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவுகளை நாடும். ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா ஊடாக, கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையும்போது, மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். சனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்நுனியிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி வெண்மையாய்ப் படிந்து, கொழுந்தைக் கருகச் செய்வதும் உண்டு.

அவ்வாறாயின், குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கென விற்கப்படும் டயர்கள் நமக்கும் தேவையா என்று மாணவர் சிலர் வினவக்கூடும். தேவையில்லை என்பதே விடை. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த அத்தகைய டயர்கள், 7 பாகை செல்சியசுக்குக் கீழும் இறுகிவிடாத மென்மையான றப்பரால் ஆனவை. நுவரெலியாவின் உறைபனியோ வெயில் ஏறியதும் கரைந்துவிடும். வெப்பமான தார்வீதியில் அம்மென்மையான றப்பர் விரைவில் தேய்ந்தொழியும். நமது பனிக்காலம் நீராலானது. ஆகவே நாம் தேடவேண்டியது நீரை ஒதுக்கித் தரையைப் பற்றும் டயரையே.

இது லொறிக்காரரின் காரியம் மட்டுமே என்று எண்ணுதல் கூடாது. மக்கள் ‘டிமோ பட்டா’ என வழங்கும் சிறு லொறியே, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றைத் தம்புள்ளைச் சந்தைக்கும் கொழும்புக்கும் கொண்டு செல்கிறது. பஸ் எட்டாத தோட்டங்களில், நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் பல வேளைகளில் அத்தகையதொரு வாகனமே. அதன் நான்கு சில்லுகளில்தான் ஒரு லயத்தின் நம்பிக்கை தங்கியிருக்கிறது.

வருவாய் சுருங்கிய குடும்பம் டயரை எவ்வாறு தெரிவது? முதலில் டயரின் பக்கத்தை வாசிக்கப் பழகவேண்டும். அதிலுள்ள நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1824 என்றிருப்பின் 2024ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்யப்பட்டது. தவாளிப்புகள் ஆழமாயிருப்பினும், முதுமையடைந்த றப்பர் இறுகி, ஈரத்தில் வழுக்கும். பத்தாண்டு கடந்த டயரை, விலை எவ்வளவு குறைவாயினும், ஏற்றலாகாது. அடுத்து, சுமைவாகனத்துக்குரிய ‘சி’ அல்லது ‘எல்.டி.’ என்னும் குறியும், ஏற்கும் பாரத்தின் அளவும் பொருந்துகின்றனவா எனக் காணவேண்டும். காருக்குரிய டயர் மலிவாய்க் கிடைப்பினும் மரக்கறி மூட்டைகளைத் தாங்காது.

தவாளிப்பின் அடியில் சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர், மேற்பரப்பு அவற்றோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மலைவீதியில் அதுவரை காத்திருப்பதும் தகாது. 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்தவுடனேயே ஈரத்தில் பிடிமானம் விரைந்து குறையும்.

புதுப் பட்டை ஒட்டிய ‘றீபில்ட்’ டயரை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஆகாயவிமானங்களின் டயர்களும் அவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றன. உள்ளுடல் வெடிப்பின்றி நல்ல நிலையில் இருத்தல் வேண்டும். நம்பத்தக்க தொழிலகத்தில் ஒட்டப்பட்டிருத்தலும் வேண்டும். அவற்றைப் பின்சில்லுக்கு இடுவதே அறிவு. திசையைத் திருப்பும் முன்சில்லுகளுக்குப் புதியவற்றையே வாங்குவோமாக.

விலையைப் பார்க்கும் முறையும் ஒன்றுண்டு. ஒரு பேச்சுக்கு, 20,000 ரூபா டயர் 25,000 கிலோமீற்றர் ஓடுமாயின், கிலோமீற்றருக்கு 80 சதம் செலவாகிறது. 30,000 ரூபா டயர் 50,000 கிலோமீற்றர் ஓடுமாயின் 60 சதமே. கையிலுள்ள பணம் குறைவாயின், நான்கு மலிவான டயர்களுக்குப் பதிலாக, நல்லவை இரண்டை இப்போதும், இரண்டை அடுத்த பருவமழைக்கு முன்பும் வாங்கலாம். ஒரே அச்சின் இரு பக்கங்களுக்கும் ஒரே வகை அமைதல் வேண்டும்.

நல்ல டயரும் கவனமின்மையைக் காக்காது. காற்றழுத்தத்தை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் அளந்து பார்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலைச்சாரதிகளின் பழைய விதி. 2023 சனவரி 20ஆம் நாள், நானுஓயாவை அடுத்த ரதல்ல குறுக்குவீதியில் நேர்ந்த விபத்தில் ஏழு உயிர்கள் பறிபோயின. அவ்விறக்கத்தின் கடுமை அத்தகையது.

செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியைக் காண வீதியோரம் நிற்கும் அன்பர்கள், அங்கே மூச்சுவாங்கி நிற்கும் சிறு லொறியின் சில்லையும் ஒருமுறை நோக்குவார்களாக. நாம் பருகும் தேநீரும் உண்ணும் மரக்கறியும் அதன் தவாளிப்பின் ஆழத்தை நம்பியே நம் வீடு வந்து சேர்கின்றன.