வாடாத செடிகள் வாங்குமிடம்

2001ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாறிய பின்னும் நம்மவர் நாவில் கல்கத்தாவாகவே வழங்கும் இம்மாநகரில், மண் முற்றம் உள்ள வீடு நம்மில் பலர்க்கு வாய்ப்பதில்லை. இரயில்வே குடியிருப்பாயினும், லேக் மார்க்கெட் பகுதி வாடகை வீடாயினும், நமக்கென உள்ளவை ஒரு ஜன்னலும் ஒரு சிறு தாழ்வாரமுமே. அங்கும் செடி வைக்க ஆசை உண்டு. ஆனால் கோடை விடுமுறையில் ஊர் சென்று ஒரு மாதம் கழித்துத் திரும்புவதற்குள் அவை பட்டுப்போகின்றன. ஆதலின் விலை மலிவும் உயிர் வலிமையும் உடையவற்றைத் தேர்ந்து வாங்குதல் நலம்.

இதற்கு ஏற்ற இடம், பாக்பஜாரை அடுத்த காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை. காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறி ஷ்யாம்பஜாரில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். பறவைகளும் வண்ணமீன்களும் விற்கும் இச்சந்தையில் செடிகளும் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். “தாதா, கொத்தோ?” என்று வங்காளத்தில் விலை கேட்டுத் தொடங்கினால் பேரம் எளிதாகும். அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர், தெருவழியே செடி ஏற்றிவரும் மிதிவண்டிக்காரரிடம் வாங்கலாம். அலிப்பூரில், 1820இல் வில்லியம் கேரி என்னும் பாதிரியார் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் கண்டுவரத் தக்கது.

பூத்துக் குலுங்கும் செடியைக் கண்டு மயங்க வேண்டா. முதலில் மருளை வாங்குங்கள். முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரிக்க நார் தந்த இனம் இது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்து, இலைத்துளைகளை இரவிலேயே பெரிதும் திறப்பதால், பல வாரம் நீரின்றியும் தாங்கும். இசட்-இசட் எனப்படும் செடி மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் நீரை வைத்திருப்பது. வெயில் விழும் ஜன்னலுக்குச் சோற்றுக் கற்றாழை ஏற்றது. வாங்குமுன் தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். எளிதில் ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை என்பது பொருள்.

இவை பெரும்பாலும் மடிவது வறட்சியால் அன்று, மிகுந்த நீரால்தான். விரலை மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக. ஈரக்காற்று நிறைந்த இந்நகரின் மழைக்காலத்தில் இவ்விதி மிகவும் இன்றியமையாதது.

மணி பிளாண்டைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை. அண்டை வீட்டுக் கொடியில் ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி நீரில் வைத்தால் வேர் விடும். ஆனால் வாரம் ஒருமுறை அந்நீரைக் கொட்டிப் புட்டியையும் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம். தேங்கிய தெளிநீரிலேதான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஊருக்குப் புறப்படுமுன் தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்துவிட்டு, நீர்ப்புட்டிகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படையுங்கள். மணி பிளாண்டு, இசட்-இசட் ஆகியவற்றின் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

நம் சங்கக் கூட்டத்திற்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டுக் கொடியோ ஒரு மருள் கன்றோ கொண்டுவந்தால், புதிதாக இந்நகருக்கு வருவோர் வெறும் வீட்டில் குடிபுக வேண்டியிராது. நம்மில் பலர்க்கு மாற்றல் உத்தரவு எந்நாளும் வரலாம். அன்று தொட்டிகளை எல்லாம் சுமந்து செல்ல இயலாது. ஈரத் துணியில் சுற்றிய ஒரு கணுவை எடுத்துச் செல்லலாம். மற்றவற்றை அடுத்து வரும் குடும்பத்திற்கு விட்டுச் செல்லலாம்.