வழியா, கானா?

மானிப்பாயில் பிறந்தவனுக்கு மலை என்றால் கீரிமலைதான், அதுவும் பெயருக்கு. எங்கள் ஒழுங்கைகள் இரண்டு வேலிகளுக்கு நடுவே, காணிக்காரர் விட்ட இடத்தால் போகும். மாரியில் வெள்ளம் நின்றால் செருப்பைக் கையில் எடுப்போம், அது வழுக்கையாற்றுப் பக்கம் வடியும்வரை பொறுத்திருப்போம். கண்டியில் இருக்கும் தம்பி ஒருவன், "காட்டு விளிம்பில ஒரு நடைவழிக்கு ரிபன் கட்டப் போறம், வாறியளோ அண்ணை?" என்று கேட்டபோது, இதில் கட்ட என்ன இருக்கிறது, நேரே ஏறவேண்டியதுதானே என்றுதான் நினைத்தேன்.

தெல்தோட்டைக்கு மேலே, லூல்கந்துர தோட்டப் பக்கம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி இந்தத் தோட்டத்தைத் தொட்டுப் போகிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். அதைத் திட்டமிட்ட மிகுவேல் குனாட் என்ற ஸ்பெயின்காரர் பெரும்பாலும் புதிதாக எதையும் வெட்டவில்லை. தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகளைக் கோர்த்தார். எங்கள் வேலை அதனோடு சேர்ந்ததல்ல. மழையில் சரிந்துபோன ஒரு குறுக்குப் பாதைக்கு மாற்றுவழி பார்ப்பது, அவ்வளவுதான்.

முதல் நாள் ரிபன் சுருள் பையை விட்டு வெளியே வரவேயில்லை. மேலும் கீழும் நடந்தோம். தொட்டே ஆகவேண்டிய இடங்கள் இரண்டு: ஓடை பாறைமேல் ஓடும் கடவை, உச்சியில் ஒரு தட்டைப் பாறை. விலகவேண்டியவை நிறைய. கூட வந்த ஐயா தோட்டத்தில் தண்ணீர் வடியும் கான் வெட்டி ஓய்வு பெற்றவர். அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்த மரங்களைக் காட்டினார். "மண்ணு மெதுவா நடக்குது சார். மரம் நிமிரப் பாக்குது. இதுக்குள்ள வழி போடாதீங்க." அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு அதையும் குறித்துக்கொண்டோம்.

அடுத்த நாள் சாய்வுமானி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பெட்டி. ஒரு கண் உள்ளே இருக்கும் கோட்டைப் பார்க்க, மற்றக் கண் வெளியே நிற்கும் ஆளைப் பார்க்கவேண்டும். முன்னே போகும் பொடியன் தம்பியைவிட உயரம். அவனுடைய நாடிதான் தம்பியின் கண்மட்டம். "ஏறு... இன்னும்... இறங்கு. நில். எட்டு." செம்மஞ்சள் ரிபன் ஒரு கிளையில் ஏறும். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரியவேண்டும்.

கணக்கு இதுதான்: நூறு மீற்றர் நடந்தால் பத்து மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. அறுபது மீற்றர் உயரத்துக்கு அறுநூறு மீற்றர் நடை! எனக்கு வீண் அலைச்சலாகப் பட்டது. அதைவிட மோசம், எட்டு, ஒன்பது என்று ஏறிவந்த வழி திடீரென்று சில அடி கீழே இறங்கி மறுபடி ஏறியது. தம்பி பிழைவிட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

ஐயா எதுவும் சொல்லவில்லை. சரிந்த பழைய பாதைக்குப் போய்ப் போத்தல் தண்ணீரில் பாதியை ஊற்றினார். அது பாதையின் நடுப்பள்ளத்தைப் பிடித்து, மண்ணையும் கரைத்துக்கொண்டு நேரே கீழே ஓடியது. மீதியை ரிபன் கட்டிய கோட்டில் ஊற்றினார். தண்ணீர் குறுக்கே கடந்து, சருகுக்குள் இறங்கி மறைந்தது.

"வழியா இருக்கணும், இல்ல கானா இருக்கணும். ரெண்டுமா இருக்க ஏலாது சார்."

மலைச் சரிவின் அளவில் பாதிக்கு மேல் வழியும் சரிந்தால், வழியே வாய்க்காலாகிவிடும். நடுவே வரும் அந்தச் சின்ன இறக்கம், தப்பி வழியோடு வரும் தண்ணீரையும் வெளியே தள்ளுவதற்கு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டது இந்தத் தோட்டத்தில்தான் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். கான் வெட்டியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மூன்றாம் நாள், கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் நின்று ரிபன்களைப் பார்த்தார்கள். ஒரு அக்கா, "இது சுத்து வழி தம்பி, நாங்க லயத்துக்கு இப்படித்தான் எறங்குவோம்" என்று கோட்டைக் குறுக்கே வெட்டி இறங்கிப் போனார். தம்பி கொஞ்ச நேரம் அவர்கள் போன திசையைப் பார்த்தான். பிறகு பதினொரு ரிபன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கோட்டை லயத்து வீடுகள் பக்கம் திருப்பத் தொடங்கினான். அரைநாள் வேலை போனது.

அவிழ்த்தவற்றை ஐயா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "போஞ்சிக் கொடி கட்ட ஆகும்."