தவக்காலமும் ஒரு பதிவேடும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள், திருநீற்றுப் புதன். விடியற்காலைப் பூசை முடிந்து நேரே பள்ளிக்கு வந்தேன். குருவானவர் இட்ட சாம்பல் நெற்றியில் அழியாமல் இருந்தது. வாயிலில் நின்ற முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் என்னை நிமிர்ந்து நோக்கி, "ஐயா, நீங்களும் திருநீறு பூசுவீங்களா?" என்று வியப்போடு கேட்டான். "ஆமாம், ஆண்டுக்கு ஒரு முறை" என்றேன். அவனுக்கு ஒரே மகிழ்ச்சி; தோழர்களிடம் சொல்ல ஓடினான்.

முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது அந்தச் சாம்பல். அன்று தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய நாள் வரை 46 நாள்கள். ஞாயிறுகள் ஆறையும் நீக்கினால் நாற்பது. அன்றைய பூசையில், நோன்பிருப்பதை ஊரார் காண வெளிக்காட்டாதே என்னும் இயேசுபிரானின் போதனை வாசிக்கப்படும். வாசித்து முடித்த சிறிது நேரத்திற்கெல்லாம் ஊரறிய நெற்றியில் சாம்பலும் இடப்படும்! இளமையிலேயே இந்த முரண் எனக்கு விளங்கியதில்லை. இன்றும் விளங்கியதாகச் சொல்ல மாட்டேன்.

என் தந்தையார் தோட்டத்தில் மரம் சீவியவர். தவக்காலம் முழுவதும் கள்ளைத் தொடமாட்டார். சம்பள நாளன்று நண்பர்கள் வழிமறித்து, "சாமியார் வருகிறார், ஒதுங்குங்கள்" என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார். நானும் நோன்பென்றால் இவ்வளவுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இறைச்சியை விட்டேன், வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குச் சென்றேன். அவை எனக்குக் கடினமாகவே இருந்ததில்லை.

கடினமானது வேறொன்று. எங்கள் பள்ளி சிறியது. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்பர். எங்களிடம் இருந்தவர்களோ முப்பத்தொருவர். அந்த முப்பத்தொருவரில் நால்வர் பெயரளவில் மட்டுமே இருந்தனர். முந்தைய கல்வியாண்டின் இறுதியில், இரண்டு குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி வேறு மாநிலத்திற்குச் சென்றுவிட்டன. மாற்றத்திற்கு விண்ணப்பிக்கவில்லை; சொல்லிக்கொள்ளவும் இல்லை. பிப்ரவரியில் புதிய ஆண்டு பிறந்தபோது பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் அடுத்த வகுப்பிற்கு ஏறி வந்தன. எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போனால் வகுப்புகளை இணைத்துவிடுவார்கள் என்ற அச்சம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. "இப்போதைக்கு வந்ததாகவே குறித்து வையுங்கள், அம்மா" என்று வகுப்பாசிரியையிடம் கூறியவன் நானே. அவர் பணிக்கு வந்து இரண்டாண்டுகூட நிறையாதவர். "சரிங்க ஐயா" என்றார். வேறு என்ன சொல்லுவார்?

பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பதிவேட்டைப் பற்றி ஒரு வாரமே பாடம் நடத்தினார். அழிப்பான் படக்கூடாது, தவறு நேர்ந்தால் சிவப்பு மையால் கோடிட்டுக் கையொப்பமிட வேண்டும், தவறு நேர்ந்ததும் தெரியவேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரியவேண்டும். இன்று பதிவேடு கணினித் திரைக்குப் போய்விட்டது. கோடில்லை, சிவப்பு மையில்லை. வராத பிள்ளையை வந்ததாகக் காட்ட ஒரு விரல் அசைவு போதும்.

சாம்பலோடு அறைக்குள் நுழைந்த அன்று, அந்த ஆசிரியை வழக்கம்போல் வருகைக் கணக்கைச் சொல்ல வந்தார். "முப்பத்தொன்று, ஐயா." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாளரத்தைப் பார்த்தார். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்ல நான் ஒருவருக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நால்வரையும் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கல்வி அலுவலகத்திற்குத் தெரிவித்தேன்.

மாலைக்குள் செய்தி பரவியது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் வீட்டிற்கே வந்தார். நல்லவர், பள்ளிக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிட்டவர். தமிழ் படித்தவருங்கூட. "ஐயா, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே!" என்றார். வாதம் வலிமையானது என்பதை மறுப்பதற்கில்லை. "அடுத்த குறளையும் பாருங்கள், அறிந்தே பொய் சொன்னவனை எது சுடும் என்கிறார்? அதோடு, இல்லாத நான்கு பிள்ளைகளின் பேரில் வரும் மானியத்தைக் குற்றமற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது?" என்றேன். அவர் எழுந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வேதக்காரருக்கு நம்ம பள்ளிக்கூடத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். அன்றிரவு உறக்கம் வரவில்லை. தேவசகாயம் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் பணியாற்றி, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர். உற்றாரும் மேலோரும் அவரைத் தம் மக்களைத் துறந்தவராகக் கண்டனர். 1749-இல் சிறை, பின் எருமை மேலேற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தினர், 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அன்னாரை எண்ணியபின் எனக்கு நேர்ந்ததைச் சோதனை என்று சொல்லவே நாணமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் வலிக்கத்தான் செய்தது.

வகுப்புகள் இணைக்கப்பட்டன. ஆசிரியர் ஒருவர் கூடுதலானார். மாற்றலாகிப் போனவர் அந்த இளம் ஆசிரியையே. விடைபெற வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். கண்களைத் தாழ்த்திக்கொண்டவன் நான். என் வாய்மைக்கு விலை கொடுத்தவர் அவர். இதற்கு என் செபங்களில் இன்றுவரை ஆறுதல் கிடைக்கவில்லை. தலைவர் ஐந்து வாரங்கள் பள்ளிப் பக்கமே வரவில்லை.

பெரிய வெள்ளி ஏப்ரல் 18-இல் வந்தது. சபாவிலும் சரவாக்கிலும் அன்று பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. ஆண்டுதோறும் நான் விடுப்பு எடுப்பேன். காரணம் கேட்கும் கட்டத்தில், வீண் பேச்சு எதற்கென்று, "சொந்த அலுவல்" என்றே எழுதி வந்திருக்கிறேன். அந்த ஆண்டு "பெரிய வெள்ளி வழிபாடு" என்று எழுதினேன். எங்கள் எழுத்தர் மலாய்க்காரர். மார்ச்சு 2-இல் தொடங்கிய ரமதான் நோன்பை அவரும், என் நோன்பை நானும் ஒரே அலுவலகத்தில் நோற்றிருந்தோம். அவர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, வழிபாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"பிற்பகல் மூன்று மணிக்கு" என்றேன்.