பட்டையின் இறுக்கம்

சேற்று நிலத்தில் சக்கரம் புதையும். பட்டை எளிதில் புதையாது. பாரம் அகன்ற பரப்பில் பரவுவதே அதற்குக் காரணம். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை அடுத்த சதுப்பு நிலங்களில் உழவு இயந்திரங்கள் தம் எடையாலேயே அமிழ்வதைக் கண்ட பெஞ்சமின் ஹோல்ட், 1904ஆம் ஆண்டு நவம்பரில், பின்சக்கரங்களுக்கு மாற்றாக மரப்பலகைகள் பிணைத்த பட்டைகளைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். நம் ஊர்களில் ஏரி தூர்வாரும் பொக்லைனும் அமெரிக்கக் கட்டுமானக் களங்களில் மண் அள்ளும் சிறிய டிராக் லோடரும் அந்தப் பட்டையின் வழிவந்தவையே. (பொக்லைன் என்பது பிரெஞ்சு நிறுவனமொன்றின் பெயர், தமிழில் அதுவே இயந்திரத்தின் பெயராக நிலைத்துவிட்டது.)

பட்டை தளர்ந்தால் பற்சக்கரத்தின் பிடியிலிருந்து நழுவிக் கழன்றுவிடும். மிகுதியாக இறுகினால் உருளைகளும் பேரிங்குகளும் விரைவில் தேயும். இறுக்கத்தைக் காப்பது, பட்டைச் சட்டத்தினுள் மறைந்து கிடக்கும் ஒரு சிலிண்டர். அதனுள் கிரீஸைச் செலுத்தினால் பிஸ்டன் வெளியே நகர்ந்து முன்சக்கரத்தைத் தள்ளும், பட்டை இறுகும். பல ஆயிரம் கிலோ எடையுள்ள இயந்திரத்தின் நடை சிறிதளவு கிரீஸை நம்பியிருக்கிறது.

காலையில் இறுக்கிய பட்டை மாலைக்குள் தொய்ந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பலர் மறுநாளும் கிரீஸ் ஏற்றிவிட்டு வேலைக்குச் செல்வர். அது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போன்றது. தேர்ந்த மெக்கானிக் முதலில் சேற்றைக் கழுவுகிறார். வால்வைச் சுற்றி மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் வால்வை மாற்றினால் போதும். பிஸ்டன் தண்டின் வழியே வழிந்திருந்தால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. இயந்திரத்தைத் தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்திப் பட்டையைக் கழற்றியாக வேண்டும்.

இங்கேதான் அவசரம் ஆளை விழுங்கும். சிலிண்டருக்குள் இருக்கும் கிரீஸ் கடும் அழுத்தத்தில் இருக்கிறது. வால்வை ஒரேயடியாகக் கழற்றினால் அது தோட்டாவைப் போல் பாயும். சீறும் கிரீஸ் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும். தொடக்கத்தில் வலியும் பெரிதாக இராது. ஆயினும் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிடில் விரலையே இழக்க நேரலாம். ஆகவே அவர் பக்கவாட்டில் நின்று, ஒரு சுற்றுக்கு மேற்படாமல் வால்வைத் தளர்த்தி, கிரீஸ் மெல்ல வழியக் காத்திருக்கிறார். வழியாவிட்டால் இன்னும் ஒரு சுற்று எனக் கை துறுதுறுக்கும். அந்தக் கையை அடக்குவதுதான் இத்தொழிலில் பாதிப் படிப்பு. பட்டையை முன்னும் பின்னும் சற்றே நகர்த்தினால் கிரீஸ் பெரும்பாலும் வெளியேறிவிடும். சிலிண்டருக்குப் பின்னால், அதிர்ச்சி தாங்கும் சுருள்வில் ஒன்று பேரழுத்தத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை அவர் தொடுவதில்லை; அதற்குத் தனிக் கருவி உள்ள பட்டறை வேண்டும்.

வெளியே எடுத்த பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். துருவோ கீறலோ இருந்தால் புதிய சீலும் நெடுநாள் உழைக்காது. பழையது கெட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் அன்றே கசியும். எல்லாம் பூட்டியபின் கிரீஸை ஏற்றி, பட்டையின் தொய்வு இயந்திரக் கையேட்டின் அளவுக்கு வந்ததும் நிறுத்துகிறார்.

மறுநாள் மாலை அளவுகோலுடன் மீண்டும் குனிகிறார். தொய்வு கூடவில்லை.